ஒற்றைக் கைக்கு எந்தக் கேம் கன்ட்ரோலர்?

அக்கா மகன் பைக்கில் விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. கழுத்திலிருந்து தோள் வழியாகக் கைக்கு இறங்கும் நரம்புக் கொத்து இழுபட்டு அறுந்துவிட்டது. டாக்டர்கள் இதை பிரேக்கியல் பிளெக்ஸஸ் காயம் என்கிறார்கள். விழும் வேகத்தில் தலை ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் போனால் இப்படி ஆகிவிடும். எலும்பென்றால் கட்டுப் போட்டுக் காத்திருக்கலாம், நரம்பு அப்படிக் கூடுவதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகும் வலது கை தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எழுதுவது, சாப்பிடுவது, லேப்டாப்பில் வேலை பார்ப்பது எல்லாம் இடது கைக்கு மாறிவிட்டன. (இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்துப் பழகப் பாட்டிக்குத்தான் அதிக நாள் பிடித்தது.) போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டான்: “மாமா, ஒரே கையால கேம் விளையாட ஏதாவது வழி இருக்கா?”

அக்கா இதற்காக இருபதாயிரம் ரூபாய் ஒதுக்கினாள். எதை வாங்குவது என்று தேடியதில் எங்களுக்கு மூன்று மாதம் போயிற்று. இதே நிலையில் இருக்கும் வேறு வீட்டுக்கும் உதவும் என்பதால் அந்தக் கணக்கை எழுதிவைக்கிறேன்.

முதலில் நான் செய்த தப்பு, பொருளிலிருந்து ஆரம்பித்தது. எந்தக் கன்ட்ரோலர் நல்லது என்று நாலைந்து வீடியோ பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைச் சொன்னது. அப்புறம்தான் ஒரு தாளை எடுத்து, அவனை எதிரே உட்காரவைத்து, உடம்பில் எது எது அசையும் என்று எழுதினோம். இடது கை, விரல்கள் உட்பட முழுசாக. இரண்டு கால்களும் முழுசாக. கழுத்து, வாய், குரல். வலது கையில் ஒன்றுமில்லை. ஆனால் வலது தோளை மேலே தூக்க முடிகிறது. தோளைத் தூக்கும் தசைக்கு நரம்பு வேறு வழியாக வருவதால் அது தப்பித்திருக்கிறது. இந்தக் கடைசி வரியை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த பக்கத்தில், சாதாரணக் கன்ட்ரோலர் ஒருவரிடம் என்ன கேட்கிறது என்று எழுதினோம். இரண்டு ஸ்டிக்குகள்: ஒன்று நடக்க, ஒன்று கேமராவைத் திருப்ப. வலது கட்டைவிரலுக்கு நான்கு பட்டன்கள், இடது பக்கம் நான்கு திசைப் பட்டன்கள், ஆள்காட்டி விரல்களுக்கு மேலே நான்கு. ஸ்டிக்கையே உள்ளே அழுத்தினால் அதுவும் ஒரு பட்டன். இதையெல்லாம் இரண்டு கட்டைவிரலையும் இரண்டு ஆள்காட்டி விரலையும் நம்பித்தான் செய்திருக்கிறார்கள். ஒரு கை போனால் பாதி பட்டன் போகிறது என்றுதான் தோன்றும். உண்மையில் ஒரு கை போனால் கன்ட்ரோலரை நேராகப் பிடிப்பதே போய்விடுகிறது. இடது கையில் மட்டும் பிடித்தால் வலது பக்கம் சரிந்து தொங்கும்.

சரி, காசே செலவில்லாத வழியிலிருந்து வருகிறேன். கேமின் செட்டிங்ஸ்.

இதைப் பலரும் தாண்டிப்போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் போயிருந்தேன். 2020-இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ கேமில் அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகள் உண்டு. அதில் ‘இடது கை மட்டும்’, ‘வலது கை மட்டும்’ என்று தயாராக இரண்டு பட்டன் அமைப்புகளே வைத்திருக்கிறார்கள். ‘அன்சார்ட்டட் 4’ கேமில் 2016-லேயே, ஒரு பட்டனைத் தடதடவென்று அடிக்கவேண்டிய இடங்களில் சும்மா அழுத்திப் பிடித்தால் போதும் என்று மாற்றிக்கொள்ளலாம். ‘செலஸ்ட்’ என்ற சின்ன கேம் (2018) ஆட்டத்தின் வேகத்தையே பாதி வரை குறைத்துக்கொள்ள விடுகிறது. இதைப் பார்த்துவிட்டுத்தான் அவனுடைய லேப்டாப்பில் இருந்த கேம்களைத் திறந்து, ‘பிடித்துக்கொண்டே இரு’ என்பதை எல்லாம் ‘ஒருமுறை தட்டு’ என்று மாற்றினோம். குறி பார்க்க ஒரு தட்டு, விடுவிக்க இன்னொரு தட்டு. ஓட ஒரு தட்டு. ஒற்றைக் கைக்கு இந்த ஒரு மாற்றத்துக்கு இணையாக வேறு எதையும் நான் பார்க்கவில்லை. விரல் ஒரு பட்டனில் சிறைப்படாமல் இருந்தால் அடுத்த பட்டனுக்குப் போகலாம், அவ்வளவுதான் விஷயம்.

விண்டோஸிலும் ஒன்று இருக்கிறது. ஷிஃப்ட் பட்டனை ஐந்து தரம் தட்டினால் சண்டைக்கு நடுவில் ஒரு பெட்டி குதித்து வந்து நிற்குமே, ஸ்டிக்கி கீஸ். எத்தனை தரம் திட்டியிருப்போம்! இரண்டு மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்த முடியாதவர்கள் ஒவ்வொன்றாக அழுத்திக்கொள்ளத்தான் அது இருக்கிறது. அவன் லேப்டாப்பில் இப்போது கேமுக்கு வெளியே அது எப்போதும் ஆனில்தான் இருக்கிறது.

செட்டிங்ஸின் குறை என்னவென்றால், கேம் செய்தவர்கள் வைத்தால்தான் உண்டு. பழைய கேம்கள் பலவற்றில் பட்டனை மாற்றக்கூட வழியிருக்காது. அதற்கு ஸ்டீமிலோ (கம்ப்யூட்டர் கேம்களை வாங்கி ஓட்டும் தளம்) கன்சோலிலோ (டிவியில் மாட்டும் கேம் பெட்டி) பட்டன் மாற்றும் வசதியைப் பயன்படுத்தலாம். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் மூன்றிலும் கன்சோல் அளவிலேயே இது இருக்கிறது. இரண்டு ஸ்டிக் வேண்டும் என்ற பிரச்சினை மட்டும் இதனால் தீராது.

போனைச் சொல்லாமல் விட்டால் நம்மூர்க் கதை முழுமையாகாது. விபத்துக்கு முன் அவனும் நண்பர்களும் விளையாடியதெல்லாம் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம். அதில் பட்டன்களை எங்கு வேண்டுமானாலும் நகர்த்தி வைக்கலாம், போனைச் சாய்த்தே குறி பார்க்கலாம். ஆனால் ஒரே கட்டைவிரல் நடக்கவும் வேண்டும், சுடவும் வேண்டும். ஒத்துவரவில்லை. கால் ஆஃப் டியூட்டி மொபைலில் ‘சிம்பிள் மோட்’ என்று ஒன்று உண்டு. எதிரி குறிக்குள் வந்தால் துப்பாக்கி தானாகச் சுடும். போனை மடியில் முட்டுக் கொடுத்து, கட்டைவிரலால் நடந்து, சாய்த்துக் குறி பார்த்தால் ஆட்டம் ஓடுகிறது. பைசா செலவில்லை. அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டோம். இருப்பது ஒரு கை, அதையும் கெடுத்துக்கொள்வதற்கில்லை. இந்தக் கணக்கில் நான் எல்லா இடத்திலும் பார்த்தது இதைத்தான்: வேலை எவ்வளவு தூரம் கையை விட்டுக் காலுக்குப் போகிறது?

காலுக்குப் போகும் மலிவான வழி யுஎஸ்பி பெடல். டைப்பிங் வேலை செய்பவர்களுக்காக விற்பது. மூன்று மிதிகள் உள்ளதாக வாங்கினால், ஒவ்வொன்றையும் கீபோர்டின் ஏதோ ஒரு எழுத்தாக அமைத்துக்கொள்ளலாம். இடது கையில் மவுஸ், காலில் நடப்பதும் ஓடுவதும். மவுஸ் கேமராவைத் திருப்பிவிடுவதால் இரண்டாவது ஸ்டிக் தேவையே இல்லை. லேப்டாப்போ கம்ப்யூட்டரோ வைத்திருப்பவர்களுக்கு இது உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமான வழி. ஒரு எச்சரிக்கை: பக்கவாட்டில் பன்னிரண்டு பட்டன் வைத்த கேமிங் மவுஸ்களில் பெரும்பாலானவை வலது கைக்காரர்களுக்கானவை. இடது கையில் பிடித்தால் அந்தப் பட்டன்கள் கட்டைவிரலுக்கு எட்டாத பக்கம் போய்விடும். ரேசர் நிறுவனம் 2020-இல் நாகா மவுஸின் இடது கைப் பதிப்பைக் கொண்டுவந்தது. அதுபோலக் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் சாதாரண மவுஸ் போதும்.

இனி, கன்ட்ரோலர்கள். பேச்சு பெரும்பாலும் இரண்டைச் சுற்றித்தான்.

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் 2018 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது, விலை 100 டாலர். ஒரு அடிக்குச் சற்றுக் குறைவான நீளம், தட்டையான வெள்ளைப் பலகை, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடை. மேலே இட்லித் தட்டின் குழியைக் கவிழ்த்த மாதிரி இரண்டு பெரிய கறுப்பு பட்டன்கள், பக்கத்தில் ஒரு திசைப் பட்டன். ஸ்டிக் கிடையாது. முதல்முறை பார்ப்பவர்கள் இதற்கா நூறு டாலர் என்றுதான் கேட்பார்கள். விஷயம் பின்பக்கம் இருக்கிறது: வரிசையாகப் பத்தொன்பது 3.5 மி.மீ. துளைகள், பழைய ஹெட்ஃபோன் துளை அளவில். சாதாரணக் கன்ட்ரோலரின் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு துளை. வெளியிலிருந்து எந்த சுவிட்சைச் செருகினாலும் அது அந்த பட்டனாகிவிடும். இரண்டு பக்கத்திலும் ஸ்டிக் செருக யுஎஸ்பி துளைகள். எக்ஸ்பாக்ஸிலும் விண்டோஸிலும் வேலை செய்யும்.

வீட்டு பாஷையில் சொன்னால் இது ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் எதைச் செருகுகிறோமோ அதில்தான் செலவு. லாஜிடெக் 2019-இல் இதற்கென்று பெரிதும் சிறிதுமாகப் பன்னிரண்டு சுவிட்சுகள் கொண்ட பெட்டி ஒன்றை வெளியிட்டது. அதுவும் 100 டாலர். ஆக, பெட்டிக்கு நூறு, சுவிட்சுகளுக்கு நூறு, ஸ்டிக்குக்குத் தனி. வெளியிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் வரியும் அதன்மேல்.

சோனியின் ஆக்சஸ் கன்ட்ரோலர் 2023 டிசம்பரில் வந்தது, 90 டாலர். யோசனையே வேறு. வட்டமான தட்டு, நடுவில் ஒரு பட்டன், சுற்றி எட்டு, ஓரத்தில் ஒரு ஸ்டிக். ஸ்டிக்கை முன்னே இழுக்கலாம், பின்னே தள்ளலாம். பட்டன் மூடிகள் பத்தொன்பது கூடவே வருகின்றன. மெத்தை மாதிரி புடைத்தது, தட்டையானது, இரண்டு பட்டனை ஒன்றாக மூடும் அகலமானது என்று வேண்டியதை மாட்டிக்கொள்ளலாம். மேஜையில் எந்தத் திசையில் வைத்தாலும், எது ‘மேல்’ என்பதை நாமே சொல்லிவிடலாம். ஒரு பட்டனைத் தட்டினால் அழுத்தியபடியே நிற்கவும் வைக்கலாம். கேமில் அந்த வசதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வெளிச் சுவிட்சுகளுக்கு நான்கே துளைகள். இரண்டு ஆக்சஸையும் பிஎஸ்5-இன் சாதாரணக் கன்ட்ரோலரான டூயல்சென்ஸ் ஒன்றையும் ஒரே கன்ட்ரோலராக இணைக்கலாம்.

இந்த இரண்டில் எது சிறந்தது என்று கேட்பது, செருப்பா ஊன்றுகோலா என்று கேட்பது மாதிரி. இரண்டு கையும் இருந்து, பிடியில் பலமில்லாதவர்கள், விரல் நடுங்குபவர்கள், கன்ட்ரோலரைத் தூக்கிப் பிடிக்க முடியாதவர்கள் பெட்டியைப் பிரித்த அன்றே விளையாட ஆரம்பிக்க ஆக்சஸ்தான் சரி. வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை. காலாலோ முழங்கையாலோ தலையாலோ அழுத்தவேண்டியவர்களுக்கு நான்கு துளை போதாது. அவர்களுக்குப் பத்தொன்பது துளை வேண்டும். ஆனால் அமைப்பதற்குக் கூட ஒரு ஆள், பொறுமை, கொஞ்சம் கைவேலை எல்லாம் வேண்டும்.

இவனுக்கு ஆக்சஸ் ஏன் வேண்டாம் என்று முடிவு செய்தோம்? முதல் காரணம் சப்பையானது: அது பிஎஸ்5-க்காகச் செய்தது, வீட்டில் பிஎஸ்5 இல்லை. இருந்திருந்தாலும், இடது கை ஒரு ஆக்சஸைப் பார்த்துக்கொள்ளும், இரண்டாவது ஸ்டிக்குக்கு இன்னொன்று வாங்க வேண்டும், ஆக 180 டாலர். அந்த இரண்டாவதைக் காலால் இயக்கலாமா என்றால், அதன் பட்டன்கள் உள்ளங்கைக்கும் விரலுக்குமான அளவு. கால் கட்டைவிரல் நுனியால் தேடித் தேடி மிதிக்க வேண்டியிருக்கும்.

அடாப்டிவ் கன்ட்ரோலரின் அந்த இரண்டு பெரிய பட்டன்களோ பாதத்துக்கென்றே செய்தமாதிரி இருக்கின்றன. வீட்டில் நாம் செருப்புப் போடுவதில்லை என்பது இதில் ஒரு லாபம். வெறுங்காலுக்குப் பட்டனின் விளிம்பு நன்றாகத் தெரிகிறது.

வேறு சிலவற்றை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். தசைச் சிதைவு உள்ள தன் மகனுக்காக ஒரு தந்தை கேட்டதிலிருந்து பிறந்தது 8பிட்டூ லைட் எஸ்இ (2022, 35 டாலர்). தோள் பட்டன்கள் உட்பட எல்லாமே முன்முகத்தில் இருக்கும், மெல்லத் தொட்டாலே அழுந்தும். விரலில் பலமில்லாதவர்களுக்கு இந்த விலையில் வேறில்லை. நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஹோரி ஃப்ளெக்ஸ், அடாப்டிவ் கன்ட்ரோலர் போலவே துளைகள் நிறைந்த பெட்டி. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாதவர்களுக்கு வாயால் ஊதியும் உறிஞ்சியும் இயக்கும் குவாட்ஸ்டிக் இருக்கிறது. விலை மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதிகம். பார்வை இல்லாதவர்களுக்கு இந்தப் பொருள்கள் எதுவும் பதில் ஆகாது. அவர்களுக்குக் கேமே பேச வேண்டும். 2023-இன் ‘ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்’ வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் என்பதை ஒலியாலேயே சொல்லிக் காரோட்ட வைக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். ஊருக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் அடாப்டிவ் கன்ட்ரோலரைச் சூட்கேஸில் கொண்டுவந்தார். அது வந்த அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் இவனுக்குப் பிடித்துப்போனது: கத்தரிக்கோலோ பல்லோ வேண்டாம், ஓரத்தில் இருக்கும் வளையத்தில் விரலை விட்டு இழுத்தால் ஒரே கையால் பிரிந்துவிடுகிறது. இதற்குத் தோதாக மைக்ரோசாஃப்ட் 2025-இல் அடாப்டிவ் ஜாய்ஸ்டிக் என்று 30 டாலருக்கு ஒரு சின்ன ஒற்றை ஸ்டிக் கொண்டுவந்தது. சில பட்டன்களும் அதிலேயே இருப்பதால் அதையும் சேர்த்துச் சொல்லியிருந்தோம். ஸ்டிக்கை இடது கையில் கொடுத்து, ஒயரைப் பெட்டியில் செருகி, பெட்டியைத் தரையில் வைத்தால் லேப்டாப்புக்கு அது ஒரே கன்ட்ரோலர்.

லாஜிடெக் சுவிட்சுப் பெட்டியை வாங்கவில்லை. காரணம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட். அந்தத் துளைகள் கேட்பதெல்லாம் இரண்டு ஒயர் ஒன்றையொன்று தொடுவதைத்தான். ஒரு மோனோ பின், ஒரு முழ ஒயர், வீடியோ கேம் கடைகளில் இருக்குமே அந்தப் பெரிய வட்ட பட்டன். பின்னின் நுனிக்கு ஒரு ஒயர், அதன் உலோக உடம்புக்கு ஒரு ஒயர், எது எங்கே என்று மாறினாலும் பாதகமில்லை. ஈயம் வைத்து மூட ஐந்து நிமிஷம். ஒரு சினிமா டிக்கெட் காசுக்குள் ஒரு சுவிட்ச் முடிந்துவிடுகிறது. பக்கத்துத் தெரு டிவி ரிப்பேர் கடையிலேயே செய்து தருவார்கள். நான் ஆறு செய்தேன். ஒன்று முதல் நாளே மிதி தாங்காமல் உடைந்தது. ஒயரை இறுக்கமாக விட்டது என் தப்பு.

முதலில் போட்டது ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’. வலது காலில் ஆக்சிலரேட்டர், இடது காலில் பிரேக், கையில் ஸ்டியரிங். காரோட்டுவது மாதிரியே ஆகிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. முதல் வளைவிலேயே வண்டி பாலைவனத்துக்குள் போனது. அந்தப் பெரிய பட்டன்களுக்குப் பாதி அழுத்தம் என்பதே தெரியாது. ஒன்று முழு ஆக்சிலரேட்டர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. பிரேக் உதவியை ஆன் செய்தோம். தனியாக விளையாடும்போது ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கும் வசதி அதில் இருப்பதால் அதையும் இறக்கிவைத்தோம். ஒரு வாரத்தில் வேகத்தை அவனே ஏற்றிக்கொண்டான். இப்போது தட்டித் தட்டி விட்டு ஓட்டுகிறான், மொபெட் ஓட்டுகிற மாதிரி.

வாங்கும்போது யாரும் சொல்லாத இன்னொன்று: மொசைக் தரையில் பெட்டி வழுக்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு அங்குலம். பெட்டியின் அடியில் ஸ்டாண்டில் பொருத்தத் திருகுத் துளைகள் உண்டுதான். எங்களுக்கு வாசல் கால்மிதியே போதுமாக இருந்தது. அக்கா இரண்டு நாள் தேடினாள்.

இருபதாயிரத்தில் மிச்சம் விழுந்தது. அதில் யுஎஸ்பி பெடலும் ஒரு மவுஸும் வாங்கினோம். சுடும் கேம்களுக்கு அவன் அதைத்தான் எடுக்கிறான். இரண்டு ஸ்டிக் கேட்கும் கேம்களில் அடாப்டிவ் கன்ட்ரோலர் இன்னும் சிரமம்தான். கேமராவைக் கால் சுவிட்சால் திருப்பினால் வெட்டி வெட்டித்தான் திரும்புகிறது. இன்று மறுபடி வாங்கச் சொன்னால் பெடலையும் மவுஸையும் முதலில் வாங்கி, ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதற்குப் போவேன். கார் கேமிலும் ஃபுட்பாலிலும் அவனுக்கு இவ்வளவு ஆசை இல்லாமலிருந்தால் அடாப்டிவ் கன்ட்ரோலர் தேவையே பட்டிருக்காது.

ஆறாவது சுவிட்ச் வலது தோளுக்கு. நீளமான லீவர் வைத்த மைக்ரோ சுவிட்சை அலுமினியப் பட்டை ஒன்றில் திருகி, நாற்காலி முதுகில், தோளுக்கு ஒரு விரற்கடை மேலே வருகிற மாதிரி வைத்தோம். தோளைத் தூக்கினால் டிக் என்று பிடிக்கும். அவசரமில்லாத ஏதாவது ஒன்றுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று காரின் ஹாரனைக் கொடுத்தோம். இப்போது அவன் சிரிக்கும்போதெல்லாம் தோள் குலுங்கி ஹாரன் அடிக்கிறது. பட்டையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் செய்யவில்லை போல, நேற்று போனில் பேசும்போதும் கேட்டது.